நைனாவோட புல்லட்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

போன வருஷம் இதே விழாவுல நான் கோலப் போட்டிக்குத்தான் பேர் கொடுத்தேன். இந்த வருஷம் தலைவி அக்கா, "நீ புல்லட் ஓட்டுறியே, அதைப் பத்திப் பேசு"ன்னு சொல்லிட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மேடையில பேசிப் பழக்கமில்ல. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நான் பிறந்தது திருவொற்றியூர் குப்பத்துல. கட்டிக் கொடுத்தது எண்ணூர் பக்கம், கடலோரக் குப்பம். எங்க நைனா கடலுக்குப் போற குடும்பத்துல பிறந்தவர்தான். ஆனா இருபத்திரண்டு வயசுல, 1975-ல, திருவொற்றியூர் புல்லட் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்துட்டார். கியர் பாக்ஸ் மாட்டுற இடத்துல வேலை.

புல்லட்னா ஏதோ வடநாட்டு வண்டி, பணக்காரங்க வண்டின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது நம்ம ஊரு வண்டி. இங்கிலாந்துல ரெட்டிட்ச்னு ஒரு ஊர்ல இருந்த கம்பெனி அது. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்களோட கூட்டு சேர்ந்து, திருவொற்றியூர்ல புல்லட் செய்ய ஆரம்பிச்சாங்க. முதல்ல சாமான்கள் கப்பல்ல வந்து இறங்கும், இங்க பூட்டுவாங்க. அப்புறம் எல்லா சாமானும் இங்கேயே செஞ்சாங்க. 1970-க்குள்ள இங்கிலாந்துல அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க. 1977-ல நம்ம திருவொற்றியூர்ல செஞ்ச வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு. இதை நைனா சொல்லாத நாளே கிடையாது. "அவன் மூடிட்டான், நாம அவனுக்கே அனுப்புறோம்"பாரு. பெட்ரோல் டேங்க் மேல தங்கக் கோடு ஓடும் பாருங்க, அது ஸ்டிக்கர் இல்ல. பிரஷ்ஷை வெச்சு ஒரே இழுப்புல மனுஷன் கையால போடுற கோடு.

1996-ல நைனா சொந்தமா ஒரு புல்லட் 350 வாங்கினாரு. பின்னாடி கேரியர், ரெண்டு பக்கமும் தகரப் பெட்டி, முன்னாடி கால் அடிபடாம கம்பி, எல்லாம் அவரே வெல்டிங் பட்டறையில சொல்லிச் செஞ்சது. லீவு கிடைச்சா அம்மாவை ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுவாரு. திருப்பதி, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி. ஒரு நோட்டு வெச்சிருந்தாரு. எந்தத் தேதி, எந்த ஊரு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் பெட்ரோல், எந்த ஓட்டல்ல சாம்பார் நல்லா இருந்துச்சு, எல்லாம் அதுல இருக்கும்.

எனக்குப் பதினெட்டு வயசு ஆனதும் எல்.எல்.ஆர். போட்டு, புல்லட்லயே கத்துக் கொடுத்தாரு. அந்த வண்டியில கியர் வலது காலுல, பிரேக் இடது காலுல. மத்த வண்டிக்கு நேர் தலைகீழ். கியர் முதல்ல மேல ஒண்ணு, அப்புறம் கீழ மூணு. ஸ்டார்ட் பண்றதே ஒரு பாடம். ஹெட்லைட்டுக்கு மேல சின்னதா ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கும். கிக்கரை மெதுவா அழுத்திக்கிட்டே அந்த முள்ளைப் பார்க்கணும். முள்ளு நடுவுக்கு வந்ததும் நிறுத்தணும். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தணும். லீவரை விட்டுட்டு, கிக்கரை மேல வரவிட்டு, அப்புறம் முழுசா ஒரே உதை. அவசரப்பட்டு உதைச்சா கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போயிடும். "பலம் வேணாம் பாப்பா. முள்ளு நடுவுல வர்ற வரைக்கும் பொறுமை வேணும்"பாரு நைனா.

2007-ல புல்லட்லயே எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்தவரு, "இந்த வண்டியிலயாம்மா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. காலைக் கீழ வைக்காம எட்டு போட்டேன்.

2010-ல கல்யாணம். ரெண்டாவது மாசம் அத்தைக்கு மாத்திரை வாங்க எங்க வீட்டுக்காரரோட வண்டியை எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள குப்பம் முழுக்கப் பேச்சு. அவரு ராத்திரி, "ஊர்ல பேசுறாங்க"ன்னு மட்டும் சொன்னாரு. ஓட்டாதேன்னு சொல்லல. நானே விட்டுட்டேன். யாரும் என்னைக் கட்டிப் போடல, அதையும் சொல்லிடணும். பதிமூணு வருஷம் பின்னாடிதான் உட்கார்ந்தேன்.

அம்மா போனப்புறம் நைனா கடைசி ரெண்டு வருஷம் எங்க வீட்டுல இருந்தாரு. வண்டியும் அவரோட வந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல நைனா இறந்துட்டாரு. வண்டி திண்ணை ஓரமா தார்ப்பாய் போட்டு நின்னுச்சு. எனக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. காரியம் முடிஞ்சு பத்து நாளுக்குள்ள அண்ணன் ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தாரு. பழைய புல்லட்டுக்கு இப்ப ரொம்ப கிராக்கி. அறுபதாயிரம் தரேன்னான் அந்த ஆளு. நான் டீ போட்டுக் கொடுத்துட்டு உள்ள நின்னுக்கிட்டு இருந்தேன். "உனக்கு இன்னாத்துக்குப் பாப்பா வண்டி"ன்னு அண்ணன் கேட்டப்ப பதில் சொல்லத் தெரியல. தம்பிதான், "கொஞ்ச நாள் இருக்கட்டும்"ன்னான்.

அந்த டிசம்பர் மாசத்தை இங்க இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டீங்க. முதல்ல மிக்ஜாம் புயல். வெள்ளத்தோட எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆத்துலயும் முகத்துவாரத்துலயும் கருப்பாப் படிஞ்சுச்சு. வலை, படகு எல்லாம் எண்ணெய். அது அடங்குறதுக்குள்ள 26-ம் தேதி ராத்திரி.

மணி பன்னிரண்டு ஆகப் போகுது. எங்க வீட்டுக்காரர் விசைப்படகுல போயிருந்தாரு, வர ரெண்டு மூணு நாள் ஆகும். முதல்ல கண் எரிஞ்சுச்சு. மிளகாய்த் தூள் கொட்டிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் மூச்சு விட முடியல. பொண்ணு எழுந்து தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு இருமுறா. வெளிய வந்தா சந்து முழுக்க ஓடுறாங்க. கடலுக்கு அடியில போற குழாயில இருந்து அமோனியா கசிஞ்சதுன்னு பிறகுதான் தெரிஞ்சுது. அப்ப, கேஸு கேஸுன்னு மட்டும்தான் சத்தம் கேட்டுச்சு.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. அத்தைக்கு மூட்டு வலி, பத்து அடி நடந்தா உட்காரணும். ஆணியில நைனா வண்டி சாவி தொங்குது. தார்ப்பாயை இழுத்துப் போட்டுட்டு சாவியைப் போட்டேன். கிக்கரை அழுத்தி முள்ளைப் பார்த்தேன். முள்ளு அசையல. நாலு மாசமா யாரும் ஸ்டார்ட் பண்ணல, பேட்டரி செத்துக் கிடக்கு. அந்த வண்டிக்கு பேட்டரி இல்லன்னா நெருப்புப் பொறி வராது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் உதைச்சேன். ஏழு எட்டு தடவை உதைச்சேன். பையன் அழறான். பக்கத்து வீட்டுல எல்லாரும் போயிட்டாங்க.

விட்டுட்டு, துணியைத் தண்ணில நனைச்சு எல்லார் மூக்குலயும் கட்டினேன். அமோனியா தண்ணில கரையும், ஈரத்துணி கொஞ்சம் தாங்கும். இதை அப்ப தெரிஞ்சு செய்யல, அத்தை சொன்னாங்க, செஞ்சேன். அத்தையை இடுப்புல பிடிச்சு இழுத்துக்கிட்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன். எதிர்ல வர்ற ஒவ்வொரு வண்டியையும் கையைக் காட்டுறேன். எல்லா வண்டியிலயும் நாலு பேரு. யாரைக் குறை சொல்றது? கடைசியில மேலத்தெரு பையன் ஒருத்தன் தன் ஆயாவை விட்டுட்டுத் திரும்பி வந்து அத்தையை ஏத்திக்கிட்டுப் போனான். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். நானும் பிள்ளைங்களும் நடந்தே போனோம். அன்னிக்கு நம்ம குப்பங்கள்ல பல பேரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. எங்க பொண்ணுக்கு ஒரு வாரம் இருமல் விடல.

விடியக்காலையில ஒரு கல்யாண மண்டபத்துல உட்கார்ந்திருக்கேன். அத்தை என் காலைப் பார்த்தாங்க. கிக்கர் பட்டுக் கெண்டைக்கால்ல தோல் உரிஞ்சு இருக்கு. "உனக்கு ஓட்டத் தெரியும்தானே? அப்பவே ஓட்டிக்கிட்டு இருந்திருந்தா?"ன்னாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. 2010-ல மாத்திரை வாங்கிட்டு வந்தப்ப வாசல்ல நின்னு எதுவும் சொல்லாம இருந்தவங்களும் இதே அத்தைதான்.

அரசு சாதாரண டவுன் பஸ்ஸுல நமக்கு டிக்கெட் கிடையாது, சந்தோஷம். 2021-ல இருந்து நாம எல்லாரும் அதுலதான் போறோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நம்ம சந்துக்குள்ள பஸ் வராது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். வண்டியை விக்கல, நான் வெச்சுக்கிறேன்னு சொன்னேன். பொண்ணுக்கு எதுக்குன்னு ஆரம்பிச்சாரு. அப்ப நம்ம கூட்டமைப்புக்குச் சட்ட விழிப்புணர்வு வகுப்பு எடுக்க வந்தவங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அப்பா தானே சம்பாதிச்ச பொருள், உயில் எழுதாம இறந்துட்டா, மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. எங்களை மாதிரி இந்துக் குடும்பத்துக்கு 1956-ம் வருஷச் சட்டத்துலயே அது இருக்கு. நிலத்துக்கு மட்டும் இல்ல, வண்டிக்கும்தான். மூணு பேருக்கு ஆளுக்கு இருபதாயிரம். "உன் இருபதை மாசா மாசம் தந்துடுறேன் அண்ணே"ன்னேன். தம்பி வேணாம்னுட்டான். அண்ணன் வாங்கிக்கிட்டாரு. சில பேர் அதை எங்கிட்ட குறையாப் பேசுறாங்க. குறை இல்ல, அது அவரோட பங்கு.

பேப்பர் விஷயம் கொஞ்சம் சொல்றேன், யாருக்காவது உதவும். வண்டிக்காரர் இறந்துட்டா முப்பது நாளுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்கணும். மூணு மாசத்துக்குள்ள படிவம் 31 கொடுத்துப் பேரை மாத்தணும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து. நாங்க எல்லாத்துலயும் லேட்டு, அதனால அபராதம் கட்டினேன். இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்துங்க. நிறைய பேர் அதை விட்டுடுறாங்க. இறந்தவர் பேர்ல இன்சூரன்ஸ் இருந்தா, அடிபட்டு நிக்கிறப்ப பதில் சொல்ல முடியாது. எத்தனை வீட்டுல புருஷன் இறந்து அஞ்சு வருஷமா வண்டி அவர் பேர்லயே ஓடிக்கிட்டு இருக்கு, எனக்குத் தெரியும். பதினஞ்சு வருஷம் ஆன வண்டிக்கு அஞ்சு அஞ்சு வருஷமாப் பதிவைப் புதுப்பிக்கணும். நைனா 2011, 2016, 2021-னு மூணு தடவை புதுப்பிச்சிருக்காரு. அடுத்ததுக்கு நான் போகணும்.

வண்டியை ஓட வைக்கக் காசு? பேட்டரி, ரெண்டு டயரு, கிளட்ச் கேபிள், செயினு, கார்புரேட்டர் கழுவுறது, எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் கேட்டாரு மெக்கானிக். குழுவுல உள்கடன் கேட்டேன். அன்னிக்கு நடந்த கூட்டம் இருக்கே! "தொழிலுக்குக் கேளு, படிப்புக்குக் கேளு, புல்லட்டுக்கா கடன்?"னு ஒரு அக்கா எழுந்துட்டாங்க. அவங்க பேரு சொல்ல மாட்டேன், முன் வரிசையில சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. அதுக்கு இன்னொரு அக்கா, "காதுகுத்துக்கு முப்பதாயிரம் கொடுத்தோம், அப்ப எந்தத் தொழில்னு யாராவது கேட்டோமா?"ன்னாங்க. ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில ஒரு ரூபா வட்டிக்குக் கொடுத்தாங்க, தீர்மான நோட்டுல "வாகனப் பராமரிப்பு"ன்னு எழுதினாங்க. பத்து மாசத்துல அடைச்சேன், ஒரு தவணை தவறல.

எங்க வீட்டுக்காரர் கடல்ல இருந்து வந்து விஷயம் எல்லாம் கேட்டாரு. ஒண்ணும் பேசல. மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடியே பழைய பேட்டரியைக் கழட்டிச் சைக்கிள்ல வெச்சு, சார்ஜ் ஏறுமான்னு பார்க்க எடுத்துக்கிட்டுப் போனாரு. அது ஏறல. ஆனா அவரு போனதே எனக்குப் போதும்.

மறுபடி ஓட்டுறது, முதல்ல கத்துக்கிறதைவிடக் கஷ்டம். மனசுக்குத் தெரியுது, உடம்பு மறந்துடுச்சு. நடுவுல நாத்தனாரோட ஸ்கூட்டியைக் கொஞ்சம் ஓட்டியிருந்தேன். அதுல ரெண்டு பிரேக்கும் கையில. புல்லட்ல முதல் நாள் நாய் குறுக்க வந்துச்சு, வலது காலை அழுத்தினேன். அது கியரு. வண்டி நிக்கல, நாய் பிழைச்சுது, நான் விழுந்தேன். வண்டி நூத்தி அறுபது கிலோவுக்கு மேல. எப்படித் தூக்குறதுன்னு நைனா சொல்லிக் கொடுத்தது அப்பதான் உதவிச்சு. முன்னாடி குனிஞ்சு தூக்கக் கூடாது, முதுகு போயிடும். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுசாத் திருப்பிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்காரணும். ஒரு கையில ஹேண்டில்பாரு, இன்னொரு கையில கேரியர் கம்பி. பின்னாடியே சின்னச் சின்னதா அடி வெச்சுத் தள்ளிக்கிட்டுக் காலால எழுந்திருக்கணும். வலது பக்கம் விழுந்திருந்தா முதல்ல சைடு ஸ்டாண்டைத் தள்ளி வெச்சுக்கணும், இல்லன்னா தூக்கின வேகத்துல அந்தப் பக்கம் சாஞ்சிடும். நாலு தடவை விழுந்தேன், நாலு தடவையும் நானே தூக்கினேன். நாலாவது தடவை டீக்கடையில இருந்து ரெண்டு பேர் ஓடி வந்தாங்க. "இருங்கண்ணே, இதையும் பழகணும்"ன்னேன்.

புடவை கட்டிக்கிட்டு ஓட்டாதீங்க. சுடிதார் போட்டாலும் துப்பட்டாவை முன்னாடி பின் குத்துங்க. ஒவ்வொரு வண்டியிலயும் பின் சக்கரத்துக்கு சாரி கார்டுன்னு ஒரு கம்பித் தடுப்பு இருக்கு பாருங்க, அது பின்னாடி உட்கார்ற பொம்பளை புடவைக்கு. முன்னாடி உட்கார்றவ புடவைக்கு எந்தக் கம்பெனியும் ஒண்ணும் வைக்கல. யோசிச்சா சிரிப்பு வருது.

நம்ம எண்ணூர் விரைவுச் சாலை எப்படின்னு சொல்லத் தேவையில்ல. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை, மணலு, பள்ளம். முதல் ஒரு மாசம் காலையில அஞ்சு மணிக்கு உள் ரோட்டுலயே ஓட்டினேன். மெயின் ரோட்டுக்குப் போனப்புறம் ஒரே ஒரு விஷயத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். ட்ரெய்லருக்கு இடது பக்கம் இருக்கிற சந்துல நுழையவே கூடாது. அவன் திரும்புறப்ப பின் சக்கரம் உள்பக்கமா அறுத்துக்கிட்டு வரும். லாரியோட கண்ணாடியில டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியலன்னா, அவருக்கும் நீங்க தெரியல. பின்னாடியே நிக்கணும். நேரமாகும், ஆகட்டும்.

பேசுறவங்க இப்பவும் பேசுறாங்க. ஆனா முன்ன மாதிரி இல்ல. 1990-களோட ஆரம்பத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்துல, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா காலத்துல, கிராமத்துப் பொம்பளைங்க ஆயிரக்கணக்கா சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அவங்களையும் இப்படித்தான் பேசினாங்களாம். 2018-ல வேலைக்குப் போற பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் அரசு மானியம் கொடுத்துச்சு. இப்ப ஸ்கூட்டியில போறவளை யாரும் திரும்பிப் பார்க்கிறது இல்ல. புல்லட்டுனா இன்னும் திரும்புறாங்க. சத்தம் அப்படி.

போன தை மாசம் அத்தையைப் பழவேற்காட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போனேன். அவங்க தங்கச்சி அங்க இருக்காங்க. பஸ்ஸுல மாறி மாறிப் போகணும்னு ரெண்டு வருஷமாப் பார்க்கவே இல்ல. மீஞ்சூர், பொன்னேரி வழியா மெதுவாப் போனோம். மூணு இடத்துல நிறுத்தி அத்தை காலை நீட்டிக்கிட்டாங்க. அவங்களுக்கும் ஹெல்மெட். அது இடிக்குதுன்னு வழி நெடுகத் திட்டிக்கிட்டே வந்தாங்க. தங்கச்சி வீட்டு வாசல்ல இறங்கினதும் உடனே கழட்டல. எல்லாரும் வந்து பார்க்கிற வரைக்கும் போட்டுக்கிட்டே நின்னாங்க. திரும்பி வந்து நைனா நோட்டுல தேதி, கிலோமீட்டர், பெட்ரோல் எழுதினேன். சாப்பாடு எந்த ஓட்டல்னு ஒரு இடம் இருக்கு. அங்க "தங்கச்சி வீட்டு இறால் குழம்பு"ன்னு எழுதச் சொன்னாங்க அத்தை.

இப்ப ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கிற மைதானத்துல மூணு பேர் எங்கிட்ட கத்துக்க வர்றாங்க. எடுத்ததும் புல்லட்டைக் கொடுக்க மாட்டேன், பயப்படாதீங்க. முதல்ல நாத்தனார் ஸ்கூட்டி. வர்றவங்க எல்.எல்.ஆர். போட்டுக்கிட்டு வாங்க, ஷூ போட்டுக்கிட்டு வாங்க, வீட்டுல சொல்லிட்டு வாங்க. அன்னிக்குக் கூட்டத்துல எழுந்து சண்டை போட்ட அக்காவும் போன வாரம் வந்து ஓரமா நின்னு பார்த்துட்டுப் போனாங்க. அடுத்த வாரம் ஷூவோட வாங்க அக்கா.

வீட்டுல வண்டி நின்னுக்கிட்டு இருந்தா வாரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓட விடுங்க. பேட்டரி செத்துடும்.